புதுச்சேரி ஆனந்த ரங்கப்பிள்ளை வீடு: கீழே ஒரு பாணி, மேலே ஒரு பாணி, ஏன்?

தெருவாசி:
ரங்கப்பிள்ளை தெருவில் இருக்கும் அந்தப் பழைய வீட்டைப் பார்த்தேன். 1738-ல் கட்டியது என்கிறார்கள். கீழ்த்தளத்தில் முற்றம், மரத்தூண் என்று நம்ம ஊர் வீடு, மாடியில் பார்த்தால் காரை பூசிய பிரெஞ்சுத் தூண்கள். பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவை வரவேற்கத்தான் மாடியை அப்படிக் கட்டினார் என்று ஒருவர் சொன்னார், சரியா? அப்புறம் இந்த மாதிரி வீடுகளில் கூரையின் அடிப்பக்கம் செங்கல் சாய்வாகத் தெரிகிறதே, அது என்ன?

காரைவீடு:
டூப்ளே கதை எனக்கு ஒட்டவில்லை. அவர் இங்கே கவர்னராக வந்ததே 1742-ல், 1738-ல் இருந்தவர் துய்மா. பிள்ளை டூப்ளேவின் துபாஷ், அதாவது மொழிபெயர்த்துச் சொல்லும் தரகர், என்பதால் எல்லாவற்றையும் டூப்ளே தலையில் கட்டிவிடுகிறார்கள். இந்தக் கலப்பு பிள்ளை வீட்டில் மட்டும் இல்லை, ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியில் மாடி வைத்த வீடுகள் பலவும் இப்படித்தான். கீழே திண்ணை, தெருவில் போகிறவர் ஒதுங்கத் தாழ்வாரம், உள்ளே முற்றம். மாடியில் வளைவு ஜன்னல், சுவரோடு ஒட்டிய தூண். புழக்கம் நம்முடையது, அந்தஸ்தைக் காட்ட பிரெஞ்சு முகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கிழக்கே பிரெஞ்சுக்காரர் வீடுகளில் திண்ணையே கிடையாது, உயரமான மதில், பெரிய கேட், எல்லாம் உள்பக்கம் பார்த்தபடி.

மேஸ்திரிமகன்:
கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் போட்டு, அதன் மேல் மெல்லிய சிறு செங்கல்லான அச்சுக்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் செங்குத்தாக, மூலைவாட்டில் அடுக்குவார்கள், நீங்கள் பார்த்த சாய்வு அதுதான். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் மரக்கட்டையால் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு, பதிப்பார்கள். கம்பியே கிடையாது. இப்போது இதைச் சரியாகப் போடத் தெரிந்த ஆள் கிடைப்பதுதான் பாடு.

தெருவாசி:
நன்றி. உறவினர் ஒருவருக்கு இதே மாதிரி கூரையுள்ள வீடு இருக்கிறது, ஒழுகுகிறது என்று மேலே சிமெண்ட் பூசப் போகிறார். செய்யலாமா?

மேஸ்திரிமகன்:
வேண்டவே வேண்டாம். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே அடைத்துவிடும், கட்டையின் முனை சுவருக்குள் போகும் இடத்தில் உளுத்துப்போகும், வெளியே ஒன்றும் தெரியாது. முதலில் தட்டோட்டு இடுக்குகளையும் மழைநீர் போகும் துவாரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், பாதி ஒழுகல் அங்கேதான் இருக்கும்.