கார் வாங்கும் முன் ஒரு கேள்வி: இரவில் வண்டி எங்கே நிற்கும்?

கோவையிலிருந்து (மின்சார கார்):

மைலேஜ் தரும் கார் எது, மின்சார கார் வாங்கலாமா என்று யார் கேட்டாலும் உடனே ஒரு கார் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். நான் அங்கிருந்து தொடங்க மாட்டேன். வண்டி இரவில் எங்கே நிற்கும், அந்த இடத்துக்கு உங்கள் மீட்டரிலிருந்து வயர் இழுக்க முடியுமா என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். அது தெரிந்தால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

எங்களுக்குச் சொந்த வீடு, வண்டி போர்டிகோவில் நிற்கும். நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போய்வர தினமும் 40 கிலோமீட்டர் ஓடிவிடும். ஸ்விஃப்ட் பெட்ரோல், ஹைரைடர் ஹைப்ரிட் (பெட்ரோல் என்ஜினோடு மின்மோட்டாரும் உள்ளது), நெக்ஸான் இவி (மின்சார கார்) மூன்றையும் ஓட்டிப் பார்த்தோம். ஸ்விஃப்டுக்கு லிட்டருக்கு 24.8 கிலோமீட்டர், ஹைரைடருக்கு 27.97 என்று வாகனங்களைச் சோதிக்கும் ஏஆர்ஏஐ அமைப்பின் சான்று இருக்கிறது. இவை ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் ஓடவிட்டு, 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் அளந்த எண்கள். காந்திபுரம் சிக்னலில் ஏசி போட்டு நிற்கிற வண்டிக்கு அது எப்படிக் கிடைக்கும்? ஒரு வண்டியை இன்னொன்றோடு ஒப்பிடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மின்சார காரும் அப்படித்தான். 45 யூனிட் பேட்டரி நெக்ஸானுக்கு 489 கிலோமீட்டர் என்று சொல்கிறார்கள். எங்களுக்கு ஊருக்குள் 330-ஐ ஒட்டி வருகிறது. பைபாஸில் 100-ல் போனால் 300-க்குக் கீழே இறங்கிவிடும்.

பணக் கணக்கை இப்படிப் போட்டோம். ஊருக்குள் பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் கிலோமீட்டருக்கு ஆறரை ரூபாய்க்கு மேல் ஆகிறது. மின்சார கார் யூனிட்டுக்கு ஆறேழு கிலோமீட்டர் ஓடுகிறது. வீட்டுக் கரண்ட்டில், கூட்டியே வைத்தாலும் ஒன்றரை ரூபாய். ஆக, கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய் மிச்சம். தினமும் 40 ஓடினால் வருடத்துக்கு எழுபதாயிரத்துக்கு மேல் நிற்கும். மின்சார காருக்குக் கூடுதலாகக் கொடுத்த நான்கு லட்சம் ஐந்தாறு வருடத்தில் திரும்பிவிடும். தினமும் 15 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவருக்கு அதே பணம் திரும்பப் பதினைந்து வருடம் பிடிக்கும். அவருக்கு நான் பெட்ரோல் காரைத்தான் சொல்வேன். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கிவிட்டது, மின்சார காருக்கு பழையபடி 5 சதவீதம்தான். அதனால் விலை இடைவெளி முன்பைவிடக் கூடியிருக்கிறது. பழைய வீடியோக்களில் போடுகிற கணக்கை அப்படியே நம்ப வேண்டாம்.

கரண்ட் பில்லைப் பற்றி யாரும் தெளிவாகச் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங். மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடினால், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, இரண்டு மாதத்தில் 380 யூனிட் போல காருக்கு மட்டும் போகும். வீட்டில் ஏற்கெனவே 300, 400 ஓடுகிறது என்றால் மொத்தம் 500-ஐத் தாண்டிவிடும். தாண்டியதும் 101 முதல் 200 யூனிட் வரை இருந்த குறைந்த விலை போய்விடும். 500-க்கு மேல் யூனிட் 8 ரூபாய்க்கு மேல், 600-க்கு மேல் 9 ரூபாய்க்கு மேல், ஆயிரத்தைத் தாண்டினால் 11 ரூபாய்க்கு மேல் என்று ஏறிக்கொண்டே போகும். யூனிட் நாலரை ரூபாய்தானே என்று ஷோரூமில் போட்டுக் காட்டும் கணக்கு உங்கள் வீட்டுக்கு வராது. பழைய பில் அட்டையை எடுத்து, 380-ஐக் கூட்டிப் பாருங்கள். நாங்கள் அப்படிப் பார்த்த பிறகுதான் மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டோம். மத்திய அரசின் சூர்ய கர் என்ற மாடி சோலார் திட்டத்தில் அதற்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வரை வரும். காரின் தேவைக்கு மேலேயே இருக்கிறது.

எர்த் இன்னொரு விஷயம். வீட்டு எர்த் சரியில்லை என்றால் மின்சார கார் சார்ஜ் எடுக்கவே எடுக்காது. கார் டெலிவரிக்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் புதிதாக எர்த் குழி போட்டு, மெயின் பாக்ஸிலிருந்து காருக்கென்று தனி வயரும் தனி எம்சிபியும் (லோடு மீறினால் தானே கரண்ட்டை நிறுத்தும் சுவிட்ச்) வைத்தோம். சாதாரண 15 ஆம்பியர் பாயிண்ட்டே எங்களுக்குப் போதுமாக இருக்கிறது. ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் அன்றைக்கு வேண்டியதற்கு மேலேயே ஏறியிருக்கும். 7.2 கிலோவாட் சார்ஜர் வேண்டுமென்றால் சிங்கிள் பேஸ் வீட்டில் லோடு கூட்டி வாங்க வேண்டிவரும்.

மலை ஏறுமா என்று கேட்கிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி கிட்டத்தட்ட 1,900 மீட்டர் ஏற்றம். நான்கு பேரோடு வண்டி 1.7 டன்னுக்கு மேல் இருக்கும். அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்கவே எட்டரை ஒன்பது யூனிட் வேண்டும். ஓடுவதற்கானது தனி. மூன்றில் ஒரு பங்கு பேட்டரி போகும் என்று நினைத்தே கிளம்புங்கள். இறங்கும்போது மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்துக் கரண்ட் உண்டாக்குவதால் அதில் ஒரு நல்ல பங்கு திரும்ப வந்துவிடும். பிரேக்கைத் தொடாமலே வண்டி கட்டுப்பாட்டில் இறங்குவது குன்னூர் வளைவுகளில் பெரிய நிம்மதி. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: ஊட்டி ஓட்டலில் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். பேட்டரி நிறைந்திருந்தால் திரும்ப வருகிற கரண்ட்டை வாங்க இடமில்லாமல் அந்த இழுவை கிடைக்காது, முழுக்க பிரேக்கை நம்பித்தான் இறங்க வேண்டும்.

சென்னையிலிருந்து (ஹைப்ரிட்):

மேடம் கேட்ட கேள்வியில்தான் எங்களுக்கு எல்லாம் நின்றது. எங்களுடையது அடுக்குமாடிக் குடியிருப்பு. பார்க்கிங் இரண்டாவது பேஸ்மென்டில், மீட்டர் போர்டு தரைத்தளத்தில் வேறொரு மூலையில். நடுவில் நூறடிக்கு மேல் வயர் இழுக்க வேண்டும், பொதுச் சுவரில் துளை போட வேண்டும். அசோசியேஷனில் இரண்டு கூட்டத்தில் பேசினோம். பொது மீட்டரில் கொடுக்கலாம் என்றால் அதற்குக் கட்டணம் வேறு, யார் எவ்வளவு எடுத்தார் என்று கணக்கும் வேண்டும். தீ பயம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவர்கள் கவலையில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். தனி எம்சிபி, தனி மீட்டர், ஒழுங்கான வயரிங் இருந்தால் செய்யலாம், ஆனால் அதற்கு எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு அவசரம், அப்பா நாகர்கோவிலில் தனியாக இருக்கிறார், அடிக்கடி போய்வர வேண்டும். ஒரு வழிக்கே 700 கிலோமீட்டர்.

அதனால் ஹைரைடர் ஹைப்ரிட் எடுத்தோம். பேட்டரி ஒரு யூனிட்டுக்கும் குறைவு, பிளக்கே கிடையாது. பிரேக் பிடிக்கும்போதும் என்ஜின் ஓடும்போதும் தானே ஏற்றிக்கொள்ளும். வேளச்சேரி நெரிசலில் நகர்ந்து நகர்ந்து போகும்போது பாதி நேரம் என்ஜின் அணைந்தே இருக்கிறது, லிட்டருக்கு 22, 23 வருகிறது. ஹைவேயில் 19, 20. பெட்ரோல் காருக்கு நேர் மாறாக, நெரிசலில்தான் இது அதிகம் கொடுக்கும். டிக்கியில் மட்டும் பேட்டரி கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

ஷோரூம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஹைப்ரிட் என்று பெயர் போட்டதெல்லாம் இது இல்லை. மைல்டு ஹைப்ரிட் என்பது என்ஜினுக்குச் சின்னதாக ஒரு கை கொடுப்பது மட்டும்தான், கரண்ட்டில் மட்டும் வண்டி ஓடாது. ஸ்ட்ராங் ஹைப்ரிட்டா என்று கேட்டு, என்ஜின் அணைந்த நிலையில் வண்டி நகர்வதைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இன்னொன்று, பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். அதே அளவு பெட்ரோலைவிட எத்தனாலில் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதனால் நான்கைந்து வருடத்துக்கு முன் ஒருவர் எழுதிய மைலேஜைப் பார்த்து இன்றைக்கு எதிர்பார்க்காதீர்கள்.

செங்கல்பட்டிலிருந்து (சிஎன்ஜி):

நான் டிராவல்ஸ் ஓட்டுகிறவன், டிசையர் சிஎன்ஜி, அதாவது அழுத்திய இயற்கை எரிவாயுவில் ஓடும் கார். ஒரு கிலோ வாயுவுக்கு 33.73 கிலோமீட்டர் என்று கம்பெனி கணக்கு, எனக்கு 26, 27 நிற்கிறது. ஓட்டம் அதிகமுள்ளவருக்கு விலைக்கும் செலவுக்கும் இதுதான் கட்டுப்படி. ஆனால் டிக்கியில் சிலிண்டர், ஏர்போர்ட் சவாரிக்குப் பெட்டி வைக்க இடம் பத்தாது. பங்கில் பிரஷர் குறைவாக இருந்தால் காசு கொடுத்தும் சிலிண்டர் நிறையாது. நான் விடியற்காலை கூட்டமில்லாதபோதுதான் போடுவேன். மூன்று வருடத்துக்கு ஒரு முறை சிலிண்டரை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) செய்தே ஆக வேண்டும். பழைய சிஎன்ஜி கார் வாங்குகிறவர்கள் அந்தச் சான்றைக் கேட்காமல் வாங்காதீர்கள். வீட்டு உபயோகத்துக்கு என்றால், பங்க் உங்கள் தினசரி வழியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பத்து கிலோமீட்டர் சுற்றிப் போய்ப் போடுவதென்றால் லாபமே இல்லை.

கோவை மேடத்திடம் ஒரு கேள்வி. சென்னை வரைக்கும் மின்சார காரில் வந்திருக்கிறீர்களா? வழியில் எப்படி?

கோவையிலிருந்து:

வந்திருக்கிறோம் அண்ணா. 500 கிலோமீட்டர், நடுவில் ஒரு முறை போட்டால் போதும், நாங்கள் பெரும்பாலும் இரண்டு முறை நிறுத்துகிறோம். பத்திலிருந்து எண்பது சதவீதம் வேகமாக ஏறும், அதற்கு மேல் மெதுவாகிவிடும். அதனால் எண்பதில் எடுத்துவிட்டுக் கிளம்பி, அடுத்த இடத்தில் போடுவதுதான் நேரத்துக்கு நல்லது. யூனிட்டுக்கு 20 ரூபாயைத் தாண்டும், ஆகவே ஹைவேயில் மிச்சம் அவ்வளவு கிடையாது.

ஒரே ஒரு கன் (காரில் செருகும் சார்ஜர் முனை) இருக்கிற இடத்தை நம்பி வருவதில்லை. ஒரு முறை சேலம் தாண்டி ஆப்பில் வேலை செய்வதாகக் காட்டிய சார்ஜர் செத்துக் கிடந்தது, கையில் 25 சதவீதம் இருந்ததால் அடுத்த இடத்துக்குப் போக முடிந்தது. அதிலிருந்து இரண்டு கன்னாவது உள்ள இடமாகப் பார்த்து, மாற்று இடம் ஒன்றையும் குறித்துக்கொண்டுதான் கிளம்புகிறோம். பொங்கல், தீபாவளி சமயத்தில் வரிசை நிற்கும். அந்த நாட்களில் நடுராத்திரி தாண்டிக் கிளம்பினால் காத்திருக்க வேண்டியதில்லை.

சென்னை சாருக்கு: உங்கள் குடியிருப்பில் இன்னும் இரண்டு மூன்று வீட்டார் மின்சார கார் எண்ணத்தில் இருந்தால் சேர்ந்து கேட்டுப் பாருங்கள். பேஸ்மென்டுக்கு ஒரே கேபிள் இழுத்து, அங்கே ஒரு பேனல் வைத்து, ஆளுக்கொரு சப் மீட்டர் போட்டால் துளையும் ஒன்று, செலவும் பங்காகிவிடும். எங்கள் தங்கை இருக்கும் குடியிருப்பில் அப்படித்தான் செய்தார்கள். வயரிங் செய்தவர் வரைந்த படம் அவளிடம் இருக்கிறது, வாங்கி இங்கேயே போடுகிறேன்.