புதுப்பிப்பு: கையெழுத்து பொருந்திவிட்டது, தப்பு என்னுடையதுதான்

டிஐ-83 பிளஸ் கால்குலேட்டரின் இயங்குதளக் கையெழுத்தை (மென்பொருள் தயாரிப்பாளரிடமிருந்தே வந்தது என்று காட்டும் எண்) கணினியில் நானே சரிபார்த்தால், எம்டி5 ஹாஷோடு (மென்பொருளிலிருந்து கணக்கிடும் சுருக்க எண்) ஒத்துப்போகவே இல்லை என்று புலம்பியிருந்தேன் இல்லையா, காரணம் கிடைத்துவிட்டது: பைட்டுகளைத் தலைகீழாகப் படித்திருக்கிறேன். அந்தக் கையெழுத்தில் எண்ணின் கடைசி பைட்தான் முதலில் வரும். திருப்பிப் போட்டேன், அச்சு அசலாக வந்தது.

அந்தக் கால்குலேட்டரில் இருக்கும் இசட்80 மாதிரி ஒரு சின்னச் சில்லு 512 பிட் ஆர்எஸ்ஏவை (பெரிய எண்களை வைத்துக் கையெழுத்துப் போட்டுச் சரிபார்க்கும் முறை) எப்படித் தாங்குகிறது என்று கேட்டவருக்கு: சரிபார்க்கக் கையெழுத்து எண்ணை உயர்த்த வேண்டிய அடுக்கு வெறும் 17. நான்கு முறை வர்க்கம், அப்புறம் ஒரே ஒரு பெருக்கல், ஒவ்வொரு தடவையும் எல்லோருக்கும் தெரிந்த ஒரு 512 பிட் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். கையெழுத்துப் போடத்தான் ரகசியத் திறவுகோல் வேண்டும். அந்த ரகசியமும் 2009இல், ஒருவர் தன் சொந்தக் கணினியை இரண்டு மாதத்துக்கு மேல் ஓடவிட்டு அந்த 512 பிட் எண்ணைக் காரணிப்படுத்தியதோடு போயிற்று.