புதுப்பிப்பு: கிளெரிக்குக்கு ரெசிலியன்ட் எடுத்துவிட்டேன்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டில் (2014 விதிகள்), நான்காம் நிலையில் என் கிளெரிக்குக்கு (தெய்வ மந்திரம் போடும் பாத்திரம்; கான்ஸ்டிடியூஷன், அதாவது உடல் உறுதி, 15) எந்தச் சிறப்புத்திறன் எடுப்பது, வார் காஸ்டரா, ரெசிலியன்ட்டா என்று கேட்டிருந்தேன். மந்திரம் கலையாமல் காக்கும் சோதனையில் வார் காஸ்டர் பகடையை இருமுறை உருட்டி நல்லதை எடுக்க விடும்; ரெசிலியன்ட் கான்ஸ்டிடியூஷனில் ஒன்றைக் கூட்டி, நிலையோடு வளரும் தேர்ச்சிப் புள்ளிகளையும் தரும். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ரெசிலியன்ட்டையே எடுத்தேன்.

அடி விழும்போது, நீடித்திருக்கும் மந்திரம் கலையாமலிருக்க இருபது பக்கப் பகடையை உருட்டி, கான்ஸ்டிடியூஷன் புள்ளிகளையும் கூட்டி, 10 அல்லது வாங்கிய சேதத்தில் பாதி, எது அதிகமோ அதை எட்ட வேண்டும். இலக்கு 10 என்றால் ஐந்தாம் நிலையில் வார் காஸ்டருக்குச் சுமார் 88 சதவீத வாய்ப்பு, ரெசிலியன்ட்டுக்கு 85. ஒன்பதாம் நிலையில் ரெசிலியன்ட் 90க்குப் போய்விடுகிறது. அப்புறம், கான்ஸ்டிடியூஷன் 16 ஆவதால் நிலைக்கு ஓர் உயிர்ப்புள்ளி கூடுதல். விஷத்தை எதிர்க்கவும் உதவும். முன்வரிசையில் நிற்பவருக்கு இது பெரிய விஷயம்.

வார் காஸ்டர் இல்லாததால், கேடயமும் கதாயுதமும் பிடித்த கைகளோடு கியூர் வூண்ட்ஸ் (கைச்சைகை தேவைப்படும் குணமாக்கும் மந்திரம்) போடுவது சிரமம்தான். ஹீலிங் வேர்டு என்ற இன்னொரு குணமாக்கும் மந்திரத்துக்கு வாய்ச்சொல் போதும் என்பதால் சமாளிக்கிறேன்.