புளியரை மலைப்பாதைக்கு நிஞ்ஜா 1000எஸ்எக்ஸ் சுகமா, வெர்சிஸ் 1000 சுகமா?

செங்கோட்டைக்காரன்:
வயது 44, உயரம் 5 அடி 6 அங்குலம். மாதம் இரண்டு முறை புளியரை மலைப்பாதை வழியாகக் கொல்லம், வருடத்தில் நாலைந்து தடவை சென்னை. பாதி நேரம் பின்னால் மனைவி. கவாசாகியின் இந்த இரண்டு பைக்கில் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கப் போகிறேன். இரண்டிலும் அதே 1043 சிசி நாலு சிலிண்டர் எஞ்சின், அதனால் வேகப் பேச்சு வேண்டாம். சீட் உயரம் நிஞ்ஜாவில் 835 மி.மீ., வெர்சிஸில் 840. உடம்புக்கு எது சுகம்?

தென்மலை டூரர்:
வெர்சிஸ்தான். புளியரை எஸ் வளைவில் எம்-சாண்ட் லாரிக்குப் பின்னால் ஊர்ந்திருப்பீர்களே? நிஞ்ஜாவில் உடம்பு லேசாக முன்னால் சாயும். நூறில் போனால் எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கும், கையில் பாரம் தெரியாது. இருபதில் காற்று எங்கே? இறக்கத்தில் பிரேக் பிடிக்கப் பிடிக்க மொத்த உடம்பும் மணிக்கட்டில் வந்து நிற்கும். இரண்டு வருடம் வைத்திருந்துவிட்டுத்தான் மாற்றினேன்.

குற்றாலச் சாரல்:
அது வண்டியின் குற்றமில்லை அண்ணாச்சி. தொடையால் டேங்கை இறுக்கிப் பிடித்து, வயிற்றால் உடம்பைத் தாங்க வேண்டும். ஹேண்டில்பார் ஊன்றுகோல் இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்தால் மட்டும் என்ன, பாரம் முழுக்க வாலெலும்பில் இறங்கும். மதுரையில் கிளம்பி விழுப்புரம் தாண்டும்போது தெரியும். என் நிஞ்ஜாவில் நான் காற்றில் சாய்ந்துகொண்டே போய்விடுவேன்.

தென்மலை டூரர்:
வாலெலும்பைப் பற்றி நீங்கள் பேசலாமா? வெர்சிஸின் முன் சஸ்பென்ஷன் 150 மி.மீ. அமுங்கும், உங்களுடையது 120. ஆரியங்காவு பக்கம் மழைக்காலத்துக் குழியில் இறங்கிப் பாருங்கள்.

குட்டைக்கால்:
இரண்டு பேரும் ஓடும் வண்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். என் கவலை நிற்கும் வண்டி. நான் 5 அடி 5. அந்த 835, 840 எல்லாம் ஆள் ஏறாதபோது அளந்தது. ஏறியபின் வண்டி எவ்வளவு இறங்குகிறது, சீட்டின் முன்பக்கம் தொடையை எவ்வளவு விரிக்கிறது, இதை வைத்துத்தான் கால் எட்டும், எட்டாது. நிஞ்ஜா 235 கிலோவுக்குப் பக்கம். வெர்சிஸ் 250க்கு மேல், உயரத்திலும் நிற்கும். கோட்டைவாசலில் ஓரம் கட்டும்போது சரளையில் ஊன்றிய என் கால் சறுக்கி, வெர்சிஸ் அப்படியே சாய்ந்தது. டீக்கடையில் இருந்தவர்கள்தான் தூக்கிவிட்டார்கள். அப்புறம் என்ன சுகம்?

குற்றாலச் சாரல்:
அப்படிச் சொல்லுங்கள்!

தென்மலை டூரர்:
சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்டவர் வீட்டுக்காரம்மாவோடு போகிறவர். வெர்சிஸில் பின்சீட்டு அகலம், முழங்காலும் அவ்வளவு மடங்காது. சாரல் தம்பி, உங்கள் வீட்டில் கடைசியாக எப்போது பின்னால் ஏறினார்கள்?

குற்றாலச் சாரல்:
போன பொங்கலுக்கு. ராஜபாளையத்தில் இறங்கி பஸ்ஸில் வந்துவிட்டாள். அதற்குக் காரணம் சீட் மட்டுமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செங்கோட்டைக்காரன்:
எனக்கு இப்போது இரண்டு பயம் வந்துவிட்டது, கால் சறுக்குவதும் பஸ்ஸும். தென்மலை அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு பிரானூர் வர முடியுமா? பின்னால் ஆளோடு மேட்டில் நிறுத்தி, கால் ஊன்றிப் பார்க்க வேண்டும். பார்டர் பரோட்டா என் செலவு.

குற்றாலச் சாரல்:
நானும் நிஞ்ஜாவோடு வருகிறேன். பின்சீட்டை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.