பாட்டின் கார்டை (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மொத்தமாக வேறு ஸ்ருதிக்கு மாற்ற என்ன சாஃப்ட்வேர்?

நண்பர்களே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். தமிழ், மலையாளம் இரண்டும் பாடுவோம். வரிக்கு மேலே கார்டு போட்டு டைப் செய்த பாட்டுகள் கம்ப்யூட்டரில் நிறைய இருக்கின்றன. ஜி ஸ்ருதியில் இருப்பதை அக்காமார் பாடினால் பி ஃபிளாட்டுக்கு ஏற்ற வேண்டும். எனக்கென்ன, கிட்டார் கழுத்தின் மூன்றாவது ஃபிரெட்டில் (கட்டையில்) கேப்போ என்ற கவ்வியைப் போட்டால் தீர்ந்தது. கீபோர்டு வாசிக்கும் தம்பிக்குத்தான் புதிய கார்டை எழுதிக் கொடுக்கணும்.

போனில் ஒரு ஆப் போட்டுப் பார்த்தேன். பி ஃபிளாட், ஈ ஃபிளாட் வரவேண்டிய இடத்தில் ஏ ஷார்ப், டி ஷார்ப் என்று காட்டுகிறது. சத்தம் ஒன்றுதான், ஆனால் படிக்கிறவன் திணறுகிறான். அப்புறம், தமிழ் ஃபாண்ட் மாறினால் கார்டு நகர்ந்து அடுத்த எழுத்தின் தலையில் உட்கார்ந்துவிடுகிறது. இதுதான் பெரிய தலைவலி.

கார்டை வரிக்குள்ளேயே சதுர அடைப்பில் எழுதும் கார்ட்ப்ரோ முறையில் இந்த நகரும் தொல்லை இல்லை, சரி. பழைய ஃபைல்களை மறுபடி டைப் செய்யாமல் அதற்கு மாற்ற வழி உண்டா? ஃபிளாட்டை ஃபிளாட்டாகவே காட்டணும், ஆண்ட்ராய்டில் நெட் இல்லாமல் ஓடணும், இலவசமாக இருந்தால் ரொம்ப நல்லது. தமிழ்ப் பாட்டுக்குப் பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.