மோகன ராக கீர்த்தனைக்கு பியானோல கார்டு (chord, ஒண்ணா சேத்து அழுத்துற சுரங்கள்) எப்படி போடறது?

ஸ்தோத்திரம். வேப்பேரி பக்கம் ஒரு சர்ச்ல பியானோ வாசிக்கிறேன். பாமாலைன்னா (மேல்நாட்டு மெட்டுல பாடற சர்ச் பாட்டு) நாலு குரலுக்கான பார்ட்டும் எழுதியே இருக்கு, பாத்து வாசிச்சிடலாம், ஆனா அடுத்த மாசம் ஒரு கல்யாண ஆராதனைக்கு மோகனத்துல உள்ள கீர்த்தனை கேட்டிருக்காங்க, சி, எஃப், ஜி போட்டா பாட்டோட முகமே மாறிடுது. பொண்ணு நடந்து வர்றப்பவும் அதையேதான் வாசிக்கணும். யாராவது சொல்லுங்களேன்.

பதில் 1
தம்பி, மோகனத்துல ம-வும் நி-யும் கிடையாது. சி-ய ச-ன்னு வச்சா எஃப் கார்டுல ம வந்து உக்காந்துடும், ஜி கார்டுல நி, அதான் இடிக்குது. சி மேஜரும் ஏ மைனரும் ராகத்துக்குள்ளயே நிக்கும். ஜி வேணும்னா நடு நோட்ட விட்டுட்டு ஜி-யும் டி-யும் மட்டும் பிடிங்க. இடது கைல ச-வும் ப-வும் தம்புரா மாதிரி ஓடினாலே பாதி இடத்துல வேற கார்டு தேவைப்படாது. சங்கராபரணம்னா இந்தப் பாடே இல்ல, அது மேஜர் ஸ்கேல்தான்.

பதில் 2
அண்ணன் சொன்னது ரொம்ப சரி. பொண்ணு வர்றதுக்கு பல்லவிய எட்டு எட்டு பார் (bar, தாளக் கட்டம்) வர்ற மாதிரி பிரிச்சு வச்சுக்கோங்க, ஒவ்வொண்ணும் சி-ல முடியட்டும், போட்டோ எடுக்கறவங்க நடுவுல நிறுத்திடுவாங்க, அப்ப திரும்ப எடுத்துக்கலாம், ஆல்டர் கிட்ட வந்ததும் அந்த எட்ட முடிச்சு நிறுத்திடலாம். முதல் தடவை வெறும் மெலடி, அடுத்தது ஆக்டேவ்ல, அதாவது அதே சுரத்த கீழயும் மேலயும் சேத்து.

பதில் 3
சபையும் சேந்து பாடுதுன்னா மேல் டி-ய தாண்டாத மாதிரி ஸ்கேல இறக்குங்க தம்பி. எதிரொலி அதிகமான பழைய சர்ச்னா சத்தத்த நீட்டுற பெடல கொஞ்சமா மிதிங்க, இல்லன்னா வார்த்தையே கேக்காது.