எழும்பூர் நடைபாதையில் தினமும் பார்க்கும் அம்மாவுக்கு எப்படி உதவுவது?

கேள்வி: எழும்பூர் பயணி

எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கு நடந்து செல்லும் வழியில், ஒரு கடையின் தாழ்வாரத்தில் அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா இரவில் படுத்துறங்குகிறார். கடைக்காரர் வருவதற்குள் எழுந்து, தாம் படுத்திருந்த இடத்தைத் துடைப்பத்தால் பெருக்கி, பாட்டில் தண்ணீரைத் தெளித்துவிட்டு, துணிப்பையுடன் எதிர்ப்புறம் போய் உட்கார்ந்துகொள்வார். சென்ற வாரம் நான் இருபது ரூபாயை நீட்டியபோது, "நான் கேக்கலையே தம்பி" என்று அமைதியாகச் சொன்னார். அவர் மனம் நோகாமல் உதவ வழி உண்டா?

பதில்: இரவுச் சுற்று

ஆறு ஆண்டுகளாக நண்பர்களுடன் இரவு நேரத்தில் உணவு கொடுத்து வருகிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் நாங்கள் செய்ததில் பாதி தவறு என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிறு இரவில் பாரிமுனையில் ஒரு பெரியவரிடம் பிரியாணிப் பொட்டலத்தைக் கொடுத்தபோது, அவர் தலைமாட்டில் ஏற்கெனவே மூன்று பொட்டலங்கள் எறும்பு மொய்த்துக் கிடந்தன. அவருக்கு வேண்டியிருந்ததோ, மழையில் நனையாத ஒரு தார்ப்பாய்த் துண்டும் கட்டணக் கழிப்பறைக்குச் சில்லறையும்தான். அன்றிலிருந்து, "சாப்பிட்டீங்களா, வேற ஏதாவது வேணுமா?" என்று கேட்ட பிறகே பையைத் திறக்கிறோம். சர்க்கரை நோயாளிகள் பலர் இருப்பதால், இனிப்பைக் கேட்காமல் கொடுப்பதில்லை. கொடுக்கும்போது படம் எடுக்கும் வழக்கத்தையும் அடியோடு விட்டுவிட்டோம். நின்றபடி குனிந்து பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். முதல் நாள் எதுவுமே கொடுக்காவிட்டாலும் குற்றமில்லை.

பதில்: வால்டாக்ஸ் சாலை

நான் நடைபாதையில் பிறந்து வளர்ந்தவன். என் தாயார் பூக்கட்டி விற்றார், தந்தையார் மூட்டை சுமந்தார். எங்கள் வீட்டில் யாரும் ஒருநாளும் கையேந்தியதில்லை. ஆனாலும் எங்களைக் கடந்து போகிறவர்கள் சில்லறையை வீசிவிட்டுப் போவார்கள், அது என் பாடப்புத்தகத்தின் மேல்கூட வந்து விழுந்திருக்கிறது. எதிரிலிருந்த தேநீர்க் கடைக்காரர் மட்டும் மற்ற வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் அதே கண்ணாடிக் குவளையில் எங்களுக்கும் தேநீர் கொடுத்து, காசையும் சரியாக வாங்கிக்கொள்வார். எங்கள் துணிமூட்டையைப் பகலில் தம் கடையின் பின்புறம் வைத்துக்கொள்ளவும் அவர் இடம் கொடுத்தார். மூட்டையைக் காவல் காக்க ஆள் வேண்டியதில்லை என்றானதால்தான் என் அக்கா பள்ளிக்குப் போக முடிந்தது. அந்த அம்மாவிடம் முதலில் காலை வணக்கம் சொல்லிப் பழகுங்கள்.

பதில்: சட்டம் படித்தவன்

நடைமுறைக்கு உதவும் சில செய்திகள். நகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு வீடற்றோருக்கான ஒரு காப்பகம் வீதம், ஆண்டு முழுவதும் இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்பது 2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற உத்தரவுகளின் சாரம். சென்னை மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் காப்பக உதவி கேட்கலாம். ஆனால் அந்த அம்மாவின் சம்மதம் இல்லாமல் அழைக்காதீர்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் பெரும்பாலும் தனித்தனிக் காப்பகங்கள் என்பதால், கணவனையோ வளர்ந்த மகனையோ பிரிய மனமில்லாமல் நடைபாதையிலேயே இருந்துவிடுபவர்கள் உண்டு. மனநோயால் தம்மைப் பார்த்துக்கொள்ள இயலாமல் அலைபவராக இருந்தால் நிலைமை வேறு. அவரைப் பாதுகாப்பில் எடுத்து, அதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் செல்வது காவல் துறையின் கடமை என்றும், காவல் நிலைய அறையில் அடைக்கக் கூடாது என்றும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

மீண்டும்: எழும்பூர் பயணி

மூவருக்கும் நன்றி. நான்கு நாள்கள் வணக்கம் மட்டும் சொன்னேன். ஐந்தாம் நாள் அவரே கூப்பிட்டு, இடுப்பில் பிளாஸ்டிக் உறையில் முடிந்து வைத்திருந்த அரசு மருத்துவமனைச் சீட்டை எடுத்து, கண் சரியாகத் தெரியவில்லை என்றும் அடுத்து எப்போது வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று படித்துச் சொல்லும்படியும் கேட்டார். அந்தத் தேதி கடந்து மூன்று வாரங்கள் ஆகிவிட்டன. செவ்வாய்க்கிழமை காலை நானும் கூட வருவதாகச் சொன்னேன். "உன் வேலையைக் கெடுத்துக்காதே" என்றார். ஆனால் எத்தனை மணிக்கு என்றும் கேட்டுக்கொண்டார்.